கைதட்டல் ஓய்ந்தால்தான் மணி

ரேவதி வாந்தி எடுத்ததை கிரேஸைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

மைதானத்து ஓரம், தண்ணீர்த் தொட்டி மறைவில் நடந்தது அது. பந்தலுக்குள் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயம்பேட்டைப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோக்கள் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டின. கிரேஸ் ஓடிப் போய் ரேவதியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். நெற்றி சில்லென்று இருந்தது.

"பிரியாணி ஒத்துக்கல டி."

"காலைலேந்து பச்சத்தண்ணி தவிர இன்னாடி துண்ண நீ?"

"அப்ப தண்ணி ஒத்துக்கல."

"தலை வலிக்குதா?"

"கம்முனு இரு. சத்தம் போட்டு ஊரக் கூட்டாத." ரேவதி வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள். வெயில் சாய்ந்துவிட்டிருந்தும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்த்தாள்.

போன மாதம் சென்னைப் போட்டியில் ரேவதிக்குப் பொட்டில் ஒரு குத்து விழுந்தது. கீழே விழுந்தவள் எழுந்து, எதிராளியின் மூலைக்குப் போய் அங்கிருந்த ஸ்டூலில் உட்காரப் பார்த்தாள். அரங்கமே சிரித்தது. கிரேஸ் சிரிக்கவில்லை. டாக்டர் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூளை குலுங்கியிருக்கிறது, முழுக்கச் சரியாகும்வரை கையுறையைத் தொடக்கூடாது, அதற்குள் தலையில் இன்னொரு அடி விழுந்தால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார். கேட்டவர்கள் மூன்றே பேர். ரேவதி, கிரேஸ், கோச் சத்யராஜ்.

"இன்னிக்கு ஏறாத டி," என்றாள் கிரேஸ்.

"எங்க அப்பா வராரு. மொத தடவையா வராரு. ஊரு சனம் எனக்குக் கை தட்றத அவரு கண்ணால பாக்கணும். இல்லன்னா ஆவணி பொறந்ததும் மாலைய எடுத்து என் கழுத்துல போட்ருவாரு."

"தலை இருந்தாத்தான்டி கழுத்துல மாலை."

ரேவதி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "அவருகிட்ட வாயத் தொறந்தன்னு வையி, செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன். சத்தியமா."

கிரேஸ் வாய் திறக்கிற ரகமில்லை. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் நாலாவது ஆளுக்குப் பின்னால் நிற்பவள் அவள். குத்துச்சண்டையிலும் அப்படித்தான். எதிராளியின் கை நீளுகிற இடத்தில் இருக்க மாட்டாள். குத்து காதோரம் காற்றாகப் போகும். அந்தக் காற்றுக்காகத்தான் அவள் இந்த விளையாட்டுக்கே வந்தாள். தவறிய கை திரும்புவதற்குள் ஒரு குத்து கொடுத்துவிட்டு விலகிவிடுவாள். இதுவரை யாரும் அவளை விழத்தட்டியதில்லை. யாரும் அவளுக்காக விசில் அடித்ததும் இல்லை.

சத்யராஜ் பந்தல் பின்னால் கையுறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பகலில் பஸ் கண்டக்டர், சாயங்காலம் கோச். டிக்கெட் கொடுக்கிறவர்போலவே யார் முகத்தையும் பார்க்காமல் பேசுவார்.

"சார், ரேவதி வாந்தி எடுத்துட்டா."

"தெரியும்மா. காலைலயும் எடுத்தா."

"தெரிஞ்சும் ஏத்துறீங்களா?"

"பாண்டியன் அண்ணன் பஸ் ஸ்டாண்டு பூரா போஸ்டர் ஒட்டிட்டாரு. நாம பிராக்டீஸ் பண்ற ஷெட்டு நிக்கறது அவரு எடத்துல. நான் இன்னா பண்ணச் சொல்ற?" துடைத்த கையுறையையே மறுபடி துடைத்தார். "அதான் உன்ன எதிர்ல போட்டுக்கிறேனே. நீ எங்க அடிக்கப் போற? தொட்டுட்டு ஓடிருவ. அவளுக்கு ஒண்ணும் ஆவாது."

கிரேஸுக்குக் காது மடல் சூடானது. அவள் ஆட்டத்தை இத்தனை நாள் கிண்டல் செய்தவர் இன்றைக்கு அதையே மெத்தையாக விரித்துப் போடுகிறார்.

"நான் ஏறலன்னா?"

"அரக்கோணத்துப் பொண்ணு ஒண்ணு பையோட வந்து குந்திக்கினு இருக்குது. தென்ன மரத்தக் குத்தினா தேங்கா வுழும். அண்ணன் அவள ஏத்துவாரு. பரவால்லயா?"

கிரேஸ் திரும்பி நடந்தாள். நேராகப் பாண்டியனிடம் போனாள். தன் கால் அவர் முன்னால் போய் நின்றது அவளுக்கே வியப்பாக இருந்தது.

பாண்டியன் தாமலில் நிலபுலம் உள்ளவர். இப்போது மனை வியாபாரம், அரசியல், அதோடு குத்துச்சண்டை மன்றத்துக்குத் தலைவர். மாநிலத் தேர்வுக்கு மன்றத்திலிருந்து யார் பேர் போக வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். வெள்ளை வேட்டி சட்டையில் முன்வரிசை நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"வா வா, கோலாட்டக்காரி," என்றார். "இன்னிக்காவது அடிப்பியா, இல்ல கும்மி கொட்டுவியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"சார், ரேவதிக்கு..."

"இரு, நான் சொல்றதக் கேளு மொதல்ல. போன வருசம் உன் மேட்ச் நடக்கச்சொல்ல சனம் எழுந்து பஜ்ஜி துண்ணப் போயிருச்சு. மேட்ச் முடிஞ்சதும் பஜ்ஜிக் கடக்காரன் என்கிட்ட வந்து தாங்ஸ் சொல்றான். எனக்கு எப்டிமா இருக்கும்?"

"அதுல நான் ஜெயிச்சேன் சார்."

"யாருக்குத் தெரியும்? மூணு ஜட்ஜுக்குத் தெரியும். சனத்துக்குப் பாயிண்ட் தெரியாது. அடி தெரியும். ரத்தம் தெரியும். வுழுந்தாத் தெரியும். நீ குத்துக்குத் தப்பிச்சா, அவங்க கண்ணுக்கு அங்க ஒண்ணுமே நடக்கல. ஒண்ணும் நடக்காதத வேடிக்கை பாக்க எவன் வருவான்? சனம் வரலன்னா ஸ்பான்சர் இல்ல. ஸ்பான்சர் இல்லன்னா ஷெட்டு இல்ல. ஷெட்டு இல்லன்னா நீயும் இல்ல, நானும் இல்ல. புரியுதா?"

புரிந்தது. அதில் பாதி உண்மை என்பதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் அவள் ஆடியிருக்கிறாள். அப்போது அவள் கையை நடுவர் தூக்கிப் பிடித்ததும் யாருடைய கையையோ தூக்குவதுபோல்தான் இருந்தது.

"ரேவதிக்குத் தலைல அடி பட்டுக்குது சார். டாக்டர் வேணாம்னாரு."

பாண்டியன் சிரிப்பை நிறுத்தவில்லை. "ரேவதி நம்ம ஊரு பொண்ணு. தாமல் ஏரித் தண்ணி குடிச்ச ஒடம்பு. இரும்பு மாதிரி."

"இங்க ஒரு டாக்டராவது இருக்காரா சார்?"

"அதோ வேணுகோபால் குந்திக்கினு இருக்காரே."

வேணுகோபால் மருந்துக்கடைக்காரர். மடியில் கொஞ்சம் பஞ்சும் ஒரு டிஞ்சர் பாட்டிலும் வைத்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு நின்னு ஆடு," என்றார் பாண்டியன். "ரெண்டு பேரும் எதிர் எதிர்ல நின்னு குத்துங்க. நல்லா ஆடினா மாநிலத்துக்கு உன் பேரும் போவும். ஓடினன்னு வையி, அப்படியே ஓடிக்கினே வீட்டுக்குப் போயிரு."

கிரேஸ் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து கைக்குத் துணிப்பட்டையைச் சுற்றினாள். இவள் அடிக்க மாட்டாள் என்று நம்பி ஒருவர் ரேவதியை ஏற்றுகிறார். இவள் அடித்தே ஆக வேண்டும் என்று இன்னொருவர் மிரட்டுகிறார். இரண்டு பேருக்குமே ரேவதி மேடை ஏறினால் போதும்.

பையன்களின் போட்டி முதலில் தொடங்கியது.

மைக் பிடித்தவர் பஞ்சாட்சரம். கபடி, காளை விடும் விழா, எதுவானாலும் அந்த வட்டாரத்தில் அவர் குரல்தான். குத்துச்சண்டைக்கு அவர் புதிது. ஆனால் குரலுக்கு அது தெரியாது. "வலது பக்கம் சிவப்புச் சட்டை! இடது பக்கம் நீலச் சட்டை! மூக்கை உடைக்கும் முதல் வீரருக்கு, பாத்திரக்கடை பாலாஜி அவர்களின் அன்பளிப்பாக ஒரு எவர்சில்வர் அண்டா!"

மின்சார மணி வந்து சேரவில்லை. எங்கிருந்தோ ஒரு சேகண்டியைக் கொண்டுவந்து மேடை ஓரத்துக் கம்பில் கட்டியிருந்தார்கள். தெருவில் பிணம் போகும்போது சங்கோடு சேர்த்து அடிப்பார்களே, அந்த வெண்கலத் தட்டு. பக்கத்தில் கட்டையும் கையுமாகக் கலைவாணன் நின்றான். மன்றத்து ஆள். பந்தல் போட்டதிலிருந்து தண்ணீர் கேன் தூக்குவதுவரை அவன் வேலை.

பையன்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு கண்மண் தெரியாமல் குத்திக்கொண்டார்கள். ஒருவன் மூக்கில் ரத்தம். பந்தல் அதிர்ந்தது. கிரேஸின் உடம்புக்கு ஒரு ரவுண்டின் நீளம் தெரியும். மூச்சு எந்த இடத்தில் கனக்கும், கால் எந்த இடத்தில் பிடிக்கும் என்று அது கணக்கு வைத்திருந்தது. ரவுண்டு முடிந்துவிட்டது என்று அந்த உடம்பு சொன்னது. சேகண்டி அடிக்கவில்லை. பையன்கள் கையைத் தூக்க முடியாமல் தூக்கிக் குத்திக்கொண்டே இருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு மூச்சு முட்டியது.

எழுந்து கலைவாணன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, ரவுண்டு எப்பவோ முடிஞ்சிருச்சே. அடிக்கலயா?"

"அட நீ வேற. அடி விழச்சொல்ல மணி அடிச்சா சனம் என்ன அடிக்கும்மா." கலைவாணன் பஞ்சாட்சரத்தைக் காட்டினான். பஞ்சாட்சரம் இடது கையை உயர்த்திப் பிடித்திருந்தார். "அவரு கை கீழ வரணும். அப்பத்தான் அடிப்பேன். கை தட்டு ஓயறவரைக்கும் அவரு எறக்க மாட்டாரு."

"கை தட்டே இல்லன்னா?"

"சீக்கிரமா முடிச்சிரச் சொல்லிக்கிறாரு. சனத்துக்குப் போர் அடிக்கக் கூடாதில்ல?"

அடுத்த ஜோடி பயந்த ஜோடி. இருவரும் எட்டி எட்டி நின்று, தண்ணீரில் கால் வைத்துப் பார்ப்பதுபோல் கையை நீட்டினார்கள். "பொண்ணு பாக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?" என்றார் பஞ்சாட்சரம். பந்தலில் கொட்டாவிகள். அவர் கை சட்டென்று இறங்கியது. சேகண்டி அடித்தது. பாதி ரவுண்டுகூட ஆகியிருக்காது.

கிரேஸ் அங்கேயே நின்றாள். அவளுக்கு வந்த கோபத்தில் அந்த வெண்கலத் தட்டைப் பிடுங்கிப் பாண்டியனின் வெள்ளை வேட்டிமேல் எறியலாம் போலிருந்தது. அதே நேரம் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிந்துவிட்டது.

"அடுத்து! நீங்கள் எல்லாரும் காத்திருந்த மோதல்! தாமல் தந்த தங்கம், காஞ்சியின் பெண் புலி, ரேவதி!" பந்தல் எழுந்து நின்றது. "எதிர்த்து ஆடுபவர் கிரேஸ்." அதை மளிகைச் சிட்டையின் கடைசி வரிபோலப் படித்தார். "எதிராளியை மல்லாத்தும் வீராங்கனைக்கு, ஜரிகை போட்ட அசல் காஞ்சிப் பட்டு! முகூர்த்தப் புடவை! அண்ணன் பாண்டியன் அவர்களின் அன்பளிப்பு!"

முன்வரிசையில் ரேவதியின் அப்பா சீனிவாசன் உட்கார்ந்திருந்தார். வயலிலிருந்து வந்த கையோடு சட்டை மாற்றிக்கொண்டு வந்தவர்போல் தலை மட்டும் ஈரமாக வாரியிருந்தது. கூட்டம் மகள் பேரைச் சொல்லிக் கத்துவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நடுவர் டேனியல் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர். இருவர் கையுறையையும் தொட வைத்து விலகினார். சேகண்டி அடித்தது.

ரேவதி பாய்ந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது. கிரேஸ் தலையை ஒரு சாண் நகர்த்தினாள். காற்று காதோரம் போனது. இன்னொன்று. அதுவும் காற்று. ஆனால் வழக்கமான ரேவதி இல்லை இவள். குத்தியபின் கை திரும்ப நேரமாகிறது. இடது கை தாடையைக் காக்காமல் மார்புக்கு இறங்கிவிடுகிறது. பூட்டாத வீடுபோல அந்தத் தாடை திறந்து கிடந்தது.

ஒரு குத்து. ஒரே ஒரு வலது கைக் குத்து. புடவை, விசில், மாநிலத் தேர்வு, அவ்வளவும் அந்தத் தாடைக்கு அந்தப் பக்கம் இருந்தன. கிரேஸின் வலது கை தானாக இறுகியது. ரேவதிமேலும் அவளுக்குக் கோபம். உன் தலையை நீ காப்பாற்ற மாட்டாய், நான் காப்பாற்ற வேண்டும், உன்னைக் காப்பாற்றியதற்கு இந்த ஊர் என்னைக் காறித் துப்ப வேண்டும். அப்படித்தானே?

கையைத் தளர்த்தினாள். ரேவதியின் தோளை ஒட்டிப் போய் இரண்டு கையாலும் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

டேனியல் பிரித்துவிட்டார். கிரேஸ் சுற்றினாள். ஓரமாக, நிதானமாக, காய்கறி வாங்கப் போகிறவள்போல. ரேவதி வந்தாள். கிரேஸ் விலகினாள். மறுபடி பிடித்தாள்.

"இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தறி நாடா மாதிரி போய் வந்துக்கினே இருந்தா, புடவை எப்போம்மா ரெடியாவும்?" என்றார் பஞ்சாட்சரம். பந்தல் சிரித்தது. நெசவாளர் கூட்டம் ஒன்று விசிலடித்தது. சிரிப்பு தேய்ந்ததும் அவர் கை இறங்கியது.

மூலையில் சத்யராஜ் தண்ணீர் கொடுத்தார். "இன்னா பண்ற நீ? சும்மா ஒண்ணு ரெண்டாவது குத்து. அண்ணன் என்ன மொறைக்கிறாரு."

"எங்க சார் குத்தட்டும்? தலைலயா?"

சத்யராஜ் வாளியைப் பார்த்தார்.

இரண்டாவது ரவுண்டில் கிரேஸ் ஒரு தப்பு செய்தாள். சேகண்டிப் பக்கம் ஒரு கணம் கண்ணை ஓட்டினாள். அந்தக் கணத்தில் ரேவதியின் வலது கை அவள் வாயில் வந்து இறங்கியது.

பந்தல் வெடித்தது. அவள் வாழ்க்கையிலேயே அவளுக்காக எழுந்த முதல் ஆரவாரம் அதுதான், அவள் அடி வாங்கியதற்காக. "ரத்தம்! ரத்தம்!" என்று மைக் கத்தியது. பஞ்சாட்சரத்தின் இடது கை மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் கை அங்கே நிற்கும்வரை ரேவதி பாய்ந்துகொண்டே இருப்பாள். பாய்கிறவள் எங்காவது மோதுவாள், தடுமாறுவாள், பின்மண்டை மேடைப் பலகையில் படும்.

கிரேஸ் ரத்தத்தை விழுங்கினாள். உதட்டைக் கையுறையால் துடைத்தாள். வலிக்கவே இல்லை என்பதுபோல் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். தள்ளாடினால் கை தட்டுவார்கள். திருப்பி அடித்தால் கை தட்டுவார்கள். இரண்டையும் செய்யாமல் ரேவதியை மார்போடு இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ரேவதியின் முழு பாரமும் அவள்மேல் விழுந்தது. காதோரம் மூச்சு தாறுமாறாக வந்தது. "வுடுடி. அடிடி என்ன. அப்பா பாக்குறாரு டி."

"பாக்கட்டும்."

டேனியல் பிரித்தார். அவள் பிடித்தாள். எச்சரித்தார், பாயிண்ட் குறைத்தார். தலையாட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். "ஓடுகாலி!" என்று ஒரு குரல். "கட்டிக்கினு தூங்குங்கடி, தலகாணி வேணுமா?" என்று இன்னொன்று. தண்ணீர்ப் பாக்கெட் ஒன்று அவள் முதுகில் பட்டு உடைந்தது. இதைவிட அழகில்லாத சண்டையை யாரும் ஆடியிருக்க முடியாது. அவளுக்கே அது அருவருப்பாக இருந்தது. அவள் கற்ற ஆட்டம் இது இல்லை. விலகுவதில் ஒரு கணக்கு உண்டு, ஒரு கூர்மை உண்டு. அதை எல்லாம் மறைத்து வைத்துவிட்டு, ஈரச் சாக்குபோல ஒருத்திமேல் தொங்கிக்கொண்டிருந்தாள்.

கத்தல் ஓய்ந்தது. அதன்பின் பேச்சு சத்தம். அதன்பின் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம். பின்வரிசையிலிருந்து ஆட்கள் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் போகத் தொடங்கினார்கள். கிரேஸுக்கு அந்த எண்ணெய் வாசம் இனித்தது.

பஞ்சாட்சரத்தின் கை இறங்கியது. சேகண்டி அடித்தது.

மூன்றாவது ரவுண்டு நடக்கவே இல்லை. பஞ்சாட்சரம் பாண்டியனைப் பார்த்தார். பாண்டியன் எரிச்சலோடு கையை வீசினார். "சனங்க விருப்பத்துக்கு மதிப்பளித்து இந்தப் போட்டி இத்துடன் முடிக்கப்படுகிறது! வெற்றி யாருக்கு? கை தட்டுங்க!" ரேவதிக்குத் தட்டினார்கள். டேனியல் ஜட்ஜுகள் பக்கம் பார்த்தார். அவர்கள் மேசையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். ரேவதியின் கையைத் தூக்கினார். சீனிவாசனும் எழுந்து நின்று தட்டினார்.

கிரேஸ் கயிற்றுக்கு வெளியே இறங்கியதும் பாண்டியன் வழிமறித்தார்.

"உன் பேரு போவாது. இனிமே ஷெட்டுப் பக்கமும் வராத. உன்ன மாதிரி நாலு பேரு போதும், பாக்சிங்குக்குப் பாடை கட்ட."

இந்த இடத்தில் எப்போதும் அவள் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"மணிய ஒழுங்கா அடிக்கச் சொல்லுங்க சார் மொதல்ல," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அந்தப் பசங்க கை தூக்க முடியாம நின்னாங்களே, அப்ப அடிச்சிருக்கணும். பாடைக்கு அடிக்கறதக் கொண்டாந்து கட்டினது நீங்க. நான் இல்ல."

பாண்டியன் சுற்றிலும் பார்த்தார். கலைவாணன் கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். கிரேஸ் அவர் பதிலுக்காக நிற்கவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ரேவதி காத்திருந்தாள். கழுத்தில் யாரோ போட்ட சம்பங்கி மாலை. கையுறையைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"இதான் ஜெயிக்கிறதா? எங்க அப்பா கேக்குறாரு, ஏன்மா அந்தப் பொண்ணு உன்னக் கட்டிப் புடிச்சிக்கினே இருந்துச்சு, அவளுக்கு ஒடம்பு சரியில்லையான்னு. பிச்ச போட்டியாடி எனக்கு? பிச்சையா?"

"ஆமா."

ரேவதி வெறும் கையால் குத்தினாள். முழு பலத்தோடு. கிரேஸின் தலை தானாக விலகியது. பழக்கம் அது, கேட்டு வருவதில்லை. குத்து காற்றில் போனது. குத்தின் பின்னாலேயே ரேவதியும் போனாள். கிரேஸ் இடுப்பைப் பிடித்து இழுத்திராவிட்டால் தொட்டிச் சுவரில் நெற்றி மோதியிருக்கும். இருவரும் ஈர மண்ணில் உட்கார்ந்தார்கள்.

"இப்பக்கூடத் தள்ளிப் போறியேடி," என்று ரேவதி அழுதாள். அழுகை பாதியில் நின்றது. கழுத்திலிருந்த மாலைமேலேயே வாந்தி எடுத்தாள்.

மகளைத் தேடி வந்த சீனிவாசன் அங்கேயே நின்றுவிட்டார்.

"இன்னாமா ஆச்சு? ஜெயிச்சிட்டாளேம்மா?"

ரேவதி கிரேஸைப் பார்த்தாள். வேண்டாம் என்று உதடு அசைந்தது. கிரேஸ் அவளைப் பார்க்கவில்லை. அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்து, சென்னையில் விழுந்தது, டாக்டர் சொன்னது, காலையில் வாந்தி எடுத்தது, யார் யாருக்குத் தெரியும் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சீனிவாசன் முழுவதும் கேட்டார். குனிந்து, மகள் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மண்ணில் போட்டார்.

"ஆட்டோ எங்கமா நிக்கும்?" என்றார்.

ஷேர் ஆட்டோவில் ரேவதி நடுவில் உட்கார்ந்தாள். கிரேஸ் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து, இரண்டு கையாலும் ஆடாமல் பிடித்துக்கொண்டாள். பெரியாஸ்பத்திரி என்றதும் வண்டி கிளம்பியது.

"தூங்காத. நான் யாரு, சொல்லு."

ரேவதி கண்ணைத் திறக்கவில்லை. "ஓடுகாலி."

"சரி. இது யாரு?"

"எங்க அப்பா. உன்கூடப் பேச மாட்டேன், போடி."

"பேசாத. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவரும் பந்தலிலிருந்து வந்தவர்தான். விசில் அடித்ததில் குரல் கம்மியிருந்தது. "தப்பா நெனச்சுக்காதம்மா. நீதான அந்த நீலச் சட்ட? மேட்ச்சு சப்பு. நின்னு நாலு குத்து குத்திக்கினு இருந்தா எப்டி இருந்திருக்கும்?"

சீனிவாசன் நிமிர்ந்தார். கிரேஸ் முந்திக்கொண்டாள்.

"ரோட்டப் பாத்து ஓட்டுண்ணா. ஒரு பள்ளத்துல விட்டன்னு வையி, எறங்கி வந்து உன்னக் குத்துவேன். நின்னு குத்துவேன்."

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்தார். எதிரே ரோடு முழுக்க வெட்டிப் போட்டிருந்தார்கள். வண்டி இடது பக்கம் ஒதுங்கியது, வலது பக்கம் ஒதுங்கியது, ஒரு பள்ளத்தின் விளிம்பைத் தொட்டுத் தொடாமல் தாண்டியது.

"இன்னிக்கு இன்னா கெழம?" என்று கேட்டாள் கிரேஸ்.

ரேவதி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள்.

"வேகமா போண்ணா," என்றாள் கிரேஸ். "ஆனா குலுங்காம போ."